நெட் வராத வகுப்புக்கு 22,000 ரூபாய் பென்டிரைவ் தேவையா?

கேள்வி: பண்ருட்டி அருகே அரசு உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். லேப்டாப், புரொஜெக்டர் உண்டு. நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ‘எல்லா வகுப்புக்கும் ஸ்மார்ட் பாடம்’ என்று ஒரு ஏஜென்ட் 22,000 ரூபாய்க்கு பென்டிரைவ் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். தமிழ்நாடு பாடநூலின் பிடிஎஃப் இலவசம். அதிலுள்ள கியூஆர் கோடு வழியே, மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தில் திறக்கும் திக்‌ஷா பாடங்களும் இலவசம். இவற்றையே அள்ளிப்போட்டு, முகப்பில் தங்கள் பெயரை ஒட்டி விற்பவர்கள் உண்டு. நெட்டை அணைத்துவிட்டு, உங்கள் லேப்டாப்பில், நீங்கள் விரலை வைக்கும் பக்கத்துப் பாடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே நழுவுவார்கள். ‘லைஃப்டைம்’ என்பதையும் நம்பாதீர்கள். லைசென்ஸ் ஒரே கணினியோடு கட்டப்பட்டிருந்தால், ஹார்டு டிஸ்க் மாற்றியதும் மறுபடி பணம் கேட்பார்கள். ‘லாகின்’ போட மாணவர் பட்டியலும் பெற்றோர் செல் நம்பரும் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

மின்னோட்டப் பாடத்துக்கு, அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்துபார்க்க உதவும் இலவச ஃபெட் (PhET) தளமே போதும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நெட் கிடைக்கும் இடத்தில் ‘சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி’யைத் தேடி, அதற்குரிய டவுன்லோடு குறியை அழுத்துங்கள். வலது கிளிக் செய்து பக்கத்தைச் சேமித்தால் ஓடாது. பலரும் தவறுவது இங்கேதான். கிடைக்கும் ஒற்றை ஃபைலை லேப்டாப்பில் வைத்து, வைஃபையை அணைத்து, குரோமில் திறந்து பாருங்கள். அப்படி ஓடினால்தான் வகுப்புக்குக் கொண்டுபோகலாம்.

ஒரு சிக்கல் வரும். பாடநூல் மின்னோட்டத்தை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. திரையில் நீல எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடும். பிள்ளைகள் குழம்புவார்கள். முதலில் ‘கன்வென்ஷனல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறியைக் காட்டுங்கள். எலக்ட்ரானுக்குப் பிறகு வரலாம். சுவிட்சை மூடும் முன், இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் பார்த்தால் அது வெறும் படம்.

புதுச்சேரி ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. பழைய தமிழ்நாட்டுப் புத்தகத்தின் கியூஆர் கோடு இன்னமும் திறக்கும், ஆனால் பாட வரிசை வேறு. சிபிஎஸ்இ பாடத்துக்கான என்சிஇஆர்டி புத்தகத்தின் கோடைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். தனியார் பள்ளி என்றால், உங்கள் பிள்ளைகள் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதன் கோடு. ஏஜென்ட் ‘இரண்டுக்கும் பொருந்தும்’ என்றால் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

நெட் கட்டணத்துக்குப் பணம் ஒதுக்காமல், ‘டிஜிட்டல் வகுப்பு எத்தனை மணி நேரம்’ என்று படிவம் மட்டும் கேட்பது பெரிய அநியாயம். படிவத்துக்காகக் காணொளி ஓட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். அப்போது இதே சோதனையைக் கையால் செய்துகாட்டலாம். இரண்டு 1.5 வோல்ட் பேட்டரி, இழை உள்ள இரண்டு டார்ச் பல்பு, வயர் துண்டுகளை மேசை டிராயரில் வைத்திருங்கள். எல்இடி வேண்டாம், இரண்டைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட்டில் எரியாது.