டீசல் ஊறிய மண்ணை மட்கவைக்கலாமா? – கேள்வி பதில்

கே: ஜெனரேட்டரிலிருந்து கசிந்த டீசல் கொல்லை மண்ணில் ஊறிவிட்டது. மட்கவைத்தால் போய்விடுமா?

ப: பெரும்பகுதி போய்விடும். டீசலை உண்ணும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. தழைச்சத்தும் காற்றும்தான் அவற்றுக்குப் போதவில்லை. நெடி அடிக்கும் மண்ணைத் தோண்டித் தார்ப்பாய்மேல் கொட்டுங்கள். வைக்கோலும் புதுச் சாணமும் தாராளமாகக் கலந்து இடுப்புயரம் குவியுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழை பெய்தால் கட்டாயம் மூடுங்கள், இல்லையென்றால் டீசல் கிணற்றுக்கு இறங்கும். சில மாதங்களில் நெடி மாறி மண்வாசனை வரும். அதை நம்பிக் கீரை விதைக்காதீர்கள். டீசலில் உள்ள பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் எவ்வளவு மிச்சம் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

கே: பட்டறை வாசலில் பல வருடமாகப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றிய மண்ணுக்கும் இதுதானா?

ப: இல்லை. அதில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கும். நுண்ணுயிர் எண்ணெயின் கரிமச் சங்கிலியை அறுக்கும், ஈயத்தை எதுவும் செய்யாது. குவியல் மட்கிச் சுருங்கச் சுருங்க, கிலோவுக்கு ஈயத்தின் அளவு கூடத்தான் செய்யும். இந்தியாவின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அணுகுங்கள்.

கே: எண்ணெய் தின்னும் பாக்டீரியா பொட்டலம் வாங்கலாமா? விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கினாரே!

ப: தேவையில்லை. அவருடைய பாக்டீரியா வழக்கில் 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது உயிருக்குக் காப்புரிமை உண்டா என்பதைப் பற்றி. மண் சுத்தமானதா என்பது அங்கே கேள்வியே அல்ல. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய அலாஸ்காவில் கரையில் தெளித்தது உரம். வேலை செய்தவை அங்கிருந்த நுண்ணுயிர்கள்.

கே: அப்படியானால் டெரி ஆய்வு நிறுவனத்தின் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக் கலவையான ஆயில்ஜாப்பர்?

ப: நியாயமான கேள்வி. சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சகதியில் அது பயன்பட்டிருக்கிறது. அங்கே எண்ணெய் மிக அதிகம். உரமிட்டு உழவும் செய்கிறார்கள். உங்கள் கொல்லைக்குச் சாணமே போதும். அந்தக் காசில் மண் பரிசோதனை செய்யுங்கள்.

கே: டீசல் மண்ணில் சாணத்தை மேலே தூவினால் போதாதா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். கலக்கவேண்டும், கிளறவேண்டும்.

கே: 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படிந்த அலையாத்தி வேர்களுக்கு?

ப: தோண்டினால் மரமே போய்விடும். அது சதுப்புநிலம் அறிந்தவர்கள் சொல்லவேண்டியது.

கே: மண்புழு விடலாமா?

ப: நெடி இருக்கும்போது விட்டால் செத்துவிடும். மட்கிய பிறகு கொஞ்சம் மண்ணைச் சட்டியில் எடுத்து நாலைந்தை விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காமல் சட்டியின் விளிம்பிலேயே சுருண்டு கிடந்தால் குவியலை மறுபடி கிளறுங்கள். இறங்கினாலும் பரிசோதனை முடிவு வரும்வரை கீரை வேண்டாம்.