கையேட்டில் உள்ள ஆராய்ச்சி மையம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதமும், தங்கள் மகளுக்கு இடம் கொடுத்திருக்கும் அமெரிக்க வணிக மேலாண்மைப் பள்ளியின் கையேட்டுப் படங்களும் கிடைத்தன. ‘எங்களிடம் 14 ஆராய்ச்சி மையங்கள்’ என்ற வரிக்கு அடியில் பச்சை மையால் கோடிட்டு, இதை நம்பி வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் ஜெராக்ஸ் கடைக்கும் தையல் வகுப்புக்கும்கூட மையம் என்றே பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள்; அந்தச் சொல்லுக்கு மட்டும் மயங்க வேண்டாம். அதற்காக முழுவதும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வணிகப் பள்ளி 1898இல் தொடங்கியது. 1960இல் மெரில் லிஞ்ச் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் அதிகாரி லூயிஸ் எங்கல், அப்பள்ளியின் பேராசிரியர் ஜேம்ஸ் லோரியிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: பங்குகளில் பணம் போட்டவருக்கு நீண்ட காலத்தில் சராசரியாக என்ன கிடைத்திருக்கிறது? நம்பத்தக்க விடை அப்போது யாரிடமும் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்காகவே பங்கு விலை ஆராய்ச்சி மையம் பிறந்தது. நியூயார்க் பங்குச் சந்தையின் சாதாரணப் பங்குகள் அனைத்தின் மாதாந்திர விலைகளையும் 1926 முதல் திரட்டி, ஈவுத்தொகை, பங்குப் பிரிப்பு, நிறுவன இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கணக்கைத் திருத்தி, லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் 1964இல் விடை சொன்னார்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. விடையைவிட அதற்காகச் சேர்த்த தரவுத் தொகுப்பே பெரிய சொத்தாயிற்று. பின்னாளில், 2013இல், நோபல் பரிசு பெற்ற அப்பள்ளிப் பேராசிரியர் யூஜீன் ஃபாமா போன்றோரின் ஆய்வுகள் அந்தத் தரவை ஊன்றி எழுந்தவை. ஃபாமாவிடம் முனைவர் பட்டத்துக்கென்று வந்து, 1971இல் எம்.பி.ஏ. பட்டத்தோடு வெளியேறிய டேவிட் பூத் என்ற மாணவர், அங்கே கற்றதை வைத்து 1981இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2008இல் அவர் 30 கோடி டாலர் கொடுத்ததால் இன்று அப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் அத்தகைய தரவு மையத்தின் வாசலை ஒருமுறைகூட மிதிக்காமல் எம்.பி.ஏ. முடித்துவிட முடியும் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். அங்கே நாள் முழுவதும் உழைப்பவர்கள் பேராசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் முழுநேர ஆய்வு உதவியாளர்களுமே. எம்.பி.ஏ. மாணவருக்கு நேரடியாகக் கைகொடுக்கும் மையம் வேறு வகை. அதே சிகாகோவில் உள்ள போல்ஸ்கி தொழில்முனைவு மையம் நடத்திவரும், 1996இல் தொடங்கிய புதுத்தொழில் போட்டியில், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் திட்டத்தை முதலீட்டாளர்கள் முன் வைத்து வாதாட வேண்டும். வீட்டுக்கு உணவு வரவழைக்கும் கிரப்ஹப் நிறுவனம் 2006இல் அதில் வென்றதுதான்.

ஆகவே 14 என்ற எண்ணை விட்டுவிட்டு, அவற்றில் எத்தனை மையங்கள் தங்கள் மகளுக்குக் கதவைத் திறக்கும் என்று பாருங்கள். கடந்த ஆண்டு எத்தனை எம்.பி.ஏ. மாணவர்கள் அங்கே ஊதியத்துடனோ பாட மதிப்பெண்ணுக்காகவோ வேலை செய்தார்கள், மையத்தின் இயக்குநர் முதலாமாண்டு வகுப்பு எடுக்கிறாரா, தரவைப் பயன்படுத்த மாணவருக்கு அனுமதி உண்டா என்று தங்கள் மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். ஒழுங்காக இயங்கும் மையம் பெயர் சொல்லி, எண் சொல்லிப் பதில் தரும். ‘அளவற்ற வாய்ப்புகள்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்த மையத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் மகள் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பைப் படித்தேன். சம்பளம், பதவி என்ற சொற்கள் அதில் ஓரிடத்திலும் இல்லை. சிறு கடைக்காரர்கள் வங்கியை விட்டுவிட்டு வட்டிக்காரரிடம் ஏன் போகிறார்கள் என்பதே முழுக்க முழுக்க அவருடைய கேள்வி. இது எம்.பி.ஏ. மாணவரின் கேள்வியாக எனக்குப் படவில்லை, ஆய்வாளரின் கேள்வியாகவே படுகிறது. அப்படியானால் வழியும் செலவும் வேறு. அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளில் எம்.பி.ஏ.வுக்கு இரண்டாண்டுக் கட்டணம் மட்டுமே ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அதே பள்ளிகளின் முனைவர் பட்டப் படிப்பிலோ பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். ஐஐஎம் எனப்படும் நம் இந்திய மேலாண்மைக் கழகங்களின் முனைவர் பட்டப் படிப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டத்துக்குப் பிறகு அவை முறையான பட்டமே வழங்குகின்றன. சேர்க்கை கடினம், ஐந்தாண்டு பொறுமையும் வேண்டும். ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும் என்பது தாங்கள் அறிந்ததே. முன்பணம் கட்டக் கடைசி நாள் வர இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரத்தில் மகள் மூன்று மையங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். வந்த பதில்களை எனக்கும் அனுப்பி வையுங்கள். அதுவரை வங்கி மேலாளரிடம் பத்திரத்தின் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.