இரண்டே முக்கால் மணி நேரம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ஒரு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். காலை 4.45க்கு அலாரம் அடித்தால், இரவு பதினொன்றரைக்குப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுக்கை. உடம்பு படுத்தாலும் மனசு படுக்க மாட்டேன் என்கிறது. தியானத்துக்கு ஒரு ஆப் போட்டு 61 நாள் விடாமல் உட்கார்ந்தேன். 62ஆம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல், விட்டுப்போயிற்று. மறுநாள் எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்து அழுதே விட்டேன். போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனேன். இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்தேன், வாட்சில் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதே படபடப்பு. என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் ரிட்டயர் ஆன பிறகுதானா?

கே.

*

அன்புள்ள கே.,

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். பௌர்ணமிக் கூட்டத்தில் அந்த வேகம் போக முழங்கையும் சேர்ந்து உழைத்திருக்க வேண்டும். கேலி செய்யவில்லை, நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். என்னுடையது மூன்று மணி பத்து நிமிடம். ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

நிறைமாதக் கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்று கிரிவலத்துக்கு ஒரு பழைய பேச்சு உண்டு. கேட்டிருப்பீர்கள். கர்ப்பிணி என்றால் அவசரப்பட முடியாது, சரி. மகாராணி எதற்கு? அவளுக்கு அவசரப்பட அவசியமே இல்லை, அவள் போய்ச் சேராமல் அங்கே எதுவும் தொடங்காது. எனக்கு இந்த இரண்டாவது பாதி புரிவதற்கு என் பெரியம்மாவின் முழங்கால் தேவைப்பட்டது.

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம், பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளோடு போனேன். சாயங்காலம் நாலு மணிக்கு ராஜகோபுரத்தில் கிளம்பினோம். எட்டு மணிக்கு முடித்து, ஒன்பதரை மணிக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது என் திட்டம். பெரியம்மா, பாதையில் வரும் எட்டு லிங்கச் சந்நிதிகளில் முதலாவதான இந்திர லிங்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்னி லிங்கத்தில் உட்கார்ந்தாள். எம லிங்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, புடவையை முழங்கால் வரை ஏற்றி, ஆற அமரத் தேய்த்தாள். ஒரு டீக்கடைக்காரம்மாவிடம் அவள் மகளின் பிரசவக் கதையை முழுசாகக் கேட்டாள். சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது. எனக்கு உள்ளே கொதிக்கிறது. போன் மணியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஆதி அண்ணாமலை கோயில் வாசலில் மணி ஒன்பது பத்து. இன்னும் பாதி வழிக்குக் கொஞ்சம் குறைவாக பாக்கி. பஸ் போச்சு.

போச்சு என்றானதும் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தோளில் இருந்த ஏதோ இறங்கியது. அடுத்த பஸ் விடிகாலை நாலரைக்குத்தான், அதுவரை சீக்கிரமாக எங்கே போய் என்ன செய்வது? அப்போதுதான் வலது பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன். சுற்றிப் போகும்போது மலை எப்போதும் வலப்பக்கம்தான். அதற்கு முன் நாலு முறை சுற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஊர்ப்பக்கம் நின்றால் கூம்பாக இருக்கிற அதே மலை, மேற்கே வந்தால் தளர்ந்து அகலமாகப் படுத்துவிடுகிறது. குபேர லிங்கத்துப் பக்கம் போனால் தனித்தனி முகடுகளாகப் பிரிகிறது. ஐந்து முகம் என்பார்கள். நிலா வெளிச்சத்தில் நான் மூன்று எண்ணினேன், பெரியம்மா ஐந்தும் தெரிகிறது என்று சாதித்தாள். அவளுக்குக் கண்புரை. குறுகலான இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே வர வேண்டிய இடுக்குப் பிள்ளையாரிடம், “நம்ம உடம்புக்கு இது ஆகாதுடி” என்று வெளியே நின்றே ஒரு கும்பிடு. முடித்தபோது 11.40. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். எனக்கும் அந்த இரவு நல்ல தூக்கம், உட்கார்ந்தபடியே.

ரிட்டயர்மென்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த மலையடிவாரத்துக்கு 1896இல், பதினாறு வயதில் வந்த ரமணர், 1950இல் மறையும்வரை அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. அப்படிப்பட்டவர் பல வருடங்கள் விடியுமுன் எழுந்து ஆசிரமத்து அடுப்படியில் காய் நறுக்கினார், அரைக்கிற வேலையில் கூட இருந்தார். குடும்பத்தை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை அவர் ஊக்கப்படுத்தியதும் இல்லை. அடுப்படியும் அமைதியும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதை வைத்து ‘வேலையே தியானம்’ என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு யாரோதான் தட்டுக் கழுவுகிறார்கள். ஆசிரமத்து அடுப்படியில் பல கைகள் இருந்தன, உங்கள் அடுப்படியில் இரண்டுதான் இருப்பதாகத் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் பிள்ளைகள், மாமியார், அலாரம் எல்லாம் வருகிறார்கள், கணவர் என்ற சொல் வரவில்லை. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், இரவுப் பாத்திரம் இனி அவருடையது. இதை ஆன்மிக ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். ஆபீசில் டார்கெட், வீட்டில் டார்கெட், சாமிக்கும் ஒரு டார்கெட் என்றால் மனசு எங்கே போய் உட்காரும்? காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் கை வைத்து ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறீர்கள், அதைப் பூஜ்யம் என்று ஒரு இயந்திரம் சொல்கிறது, நீங்களும் நம்பி அழுகிறீர்கள்.

அப்புறம், மெதுவாக நடக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், முடிந்த நாளில், மாமியாரைத் தெருமுனைக் கோயில்வரை கூட்டிப்போய்ப் பாருங்கள். அவர் நடையில், வாட்ச் இல்லாமல். அவர் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். வழியெல்லாம் உங்களைப் பற்றி உங்களிடமே குறை சொல்லக்கூடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

திருவண்ணாமலைக்கு மறுபடி போவதானால் பௌர்ணமி வேண்டாம், சும்மா ஒரு புதன்கிழமை போங்கள். மார்கழி, தை என்றால் வெறுங்காலுக்குத் தரை சுடாது. ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், பஸ் ஸ்டாண்டில் பனி அடிக்கும்.