காலை எட்டு மணிப் பனியும் பகல் பன்னிரண்டு மணிப் பனியும்

விடுமுறைக்குக் குல்மார்க், மணாலி கிளம்பும் வேலூர் வட்டார வாசகர்கள், பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி பற்றியும் பனிச்சரிவு பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மார்ச் கடைசியில் குல்மார்க் போகிறோம். ஸ்னோமொபைல்காரர் காலை எட்டரைக்கே வந்துவிடச் சொல்கிறார். வெயில் ஏறி, குளிர் விட்டதும் போனால் ஆகாதா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள். பங்குனிப் பனி இரவில் உறைந்து பகலில் இளகும். வானம் தெளிந்த இரவில் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு, விடியும்போது தார் ரோடு மாதிரி இறுகியிருக்கும். அந்த இறுக்கம் இருக்கும்வரை சரிவு பெரும்பாலும் அசையாது. வெயில் பட்டதும் உருகிய நீர் உள்ளே இறங்கி, பனிமணிகளின் பிணைப்பைக் கரைத்துவிடும். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் சூடு வெளியேறாது, பனியும் சரியாக இறுகாது. அந்த மாதிரி நாளில் காலை எட்டு மணியையும் நம்பக்கூடாது.

பாதத்தை ஊன்றியே இதைப் பார்த்துவிடலாம். பூட்ஸ் தடம் மட்டும் பதிந்தால் நல்லது. கணுக்கால் வரை புதைந்தால் செங்குத்தான இடங்களையும் அவற்றின் அடிவாரத்தையும் விட்டு விலகுங்கள். மேலே எலுமிச்சம்பழ அளவில் புறப்பட்டு, இறங்க இறங்கச் சுருட்டிய பாய் போலப் பெருத்து வரும் பனி உருண்டைகள் கண்ணில் பட்டால் உடனே திரும்பிவிடுங்கள். அவற்றின் பின்னாலேயே சரிவு முழுக்க வரக்கூடும்.

கேள்வி: எஞ்சின் சத்தத்துக்கே பனி சரிந்துவிடுமாமே?
– ஆரணி வாசகி

பதில்: சத்தத்துக்குச் சரியாது, எடைக்குத்தான் சரியும். பரப்பி வைத்த ரவை மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டாத பனி, மேலே இறுகிய பனி. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஆளோடு ஏறியதும் ரவை நொறுங்கும், பலகை வழுக்கும். பனிச்சரிவில் சிக்கும் பலர், தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள்.

கேள்வி: எவ்வளவு சாய்வு இருந்தால் ஆபத்து? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?
– காட்பாடி கல்லூரி மாணவர்

பதில்: 30 முதல் 45 டிகிரி வரை. உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம் வைத்துக் கட்டிய படி 35 டிகிரி வரும். மாடிப்படி அளவு சாய்ந்த பனிமேடு எதுவானாலும் சந்தேகப்பட வேண்டியதே. சாய்வளவு காட்டும் செயலி போனில் இருந்தால், குச்சியைச் சரிவின் மேல் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்து அளக்கலாம்.

நிற்கும் இடம் சமதரை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காட்டுக்கு நடுவே மரமில்லாமல் மேலிருந்து கீழே ஓடும் பட்டை, மேல்பக்கக் கிளைகள் முறிந்து நிற்கும் மரங்கள் எல்லாம் பழைய பனிச்சரிவின் வழித்தடம். வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற இடமே அந்தத் தடமாக இருக்கலாம். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் உள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு மலையில் ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறானாம். என்னென்ன வாங்கச் சொல்லட்டும்?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: மூன்று பொருள் ஆளுக்கு ஒன்று. புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேட இரண்டரை மீட்டருக்குக் குறையாத மடக்குக் கம்பி, தோண்ட அலுமினிய ஷவல். மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும். வண்டிப் பெட்டியில் வைத்தால் வண்டியோடு போய்விடும். டிரான்ஸீவரிலிருந்து செல்போன் 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ.

பொருளைவிடப் பழக்கம் முக்கியம். சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. மற்றவர்கள் வழித்தடத்துக்கு வெளியே, வண்டி முகத்தைத் தப்பிக்கும் திசைக்குத் திருப்பி நின்று பார்க்க வேண்டும். ஒருவன் வண்டி மேலே பனியில் சிக்கிக்கொண்டால் உதவிக்கு இன்னொருவன் வண்டியோடு ஏறுகிறான், இரண்டு வண்டி எடைக்குப் பனிச்சரிவு கிளம்புகிறது. திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. சிக்கியவனே தோண்டி இறக்கட்டும். அவலாஞ்ச் கனடா அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: காலையில் இறுகிய பனியில் எஞ்சின் கொதிக்கும். வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையான டிராக் வாரி இறைக்கும் தூள்பனிதான் பல வண்டிகளில் ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. தூள் இல்லாத இடத்தில், இறுகிய பனியைக் கீறித் தூள் கிளப்பும் கம்பிகளை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும்.

கேள்வி: 2016 சியாச்சின் விபத்தில் ஆறு நாள் கழித்து ஒரு வீரரை உயிரோடு மீட்டார்களே. பிறகு ஏன் புதைந்தவரைச் சில நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும் என்கிறார்கள்?
– கம்மவான்பேட்டை வாசகர்

பதில்: அந்தப் பிப்ரவரியில் 19-வது மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்துப் பேர் புதைந்தார்கள். நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் அதில் ஒருவர். உயிரோடு எடுக்கப்பட்டவர் ஒருவரே, அவரும் பிப்ரவரி 11 அன்று இறந்தார். அது அபூர்வத்திலும் அபூர்வம். பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணியானால் மூன்று பேர். பலரைக் கொல்வது குளிர் அல்ல, மூச்சுமுட்டல். நின்றுபோன பனி கான்கிரீட் போல இறுகும், கையை அசைக்க முடியாது. பனியின் ஓட்டம் நிற்பதற்குள் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

புதையாமல் தப்பியவர்கள் கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே தேட வேண்டும். டிரான்ஸீவர் மிகக் குறைந்த தூரம் காட்டும் இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் கம்பி குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டதும் கம்பியை உருவாதீர்கள். நேர் மேலே தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கம், ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று உள்நோக்கி வெட்டுங்கள். முதலில் முகம், பிறகு நெஞ்சு. மூச்சு இல்லையென்றால் வாயைத் துடைத்து உடனே மூச்சு ஊத வேண்டும்.

கேள்வி: மணாலி அருகே சோலாங்கில் வாடகை ஸ்னோ ஸ்கூட்டரில் (ஸ்னோமொபைல்) ஏறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– ஆம்பூர் வாசகி

பதில்: ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். துப்பட்டா, சால்வை, சேலைத் தலைப்பு எதுவும் தொங்கக்கூடாது, டிராக் இழுத்துவிடும். எஞ்சினை அணைக்கும் சுருள் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.