மனசைக் கட்டாயப்படுத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

மன அமைதி, நம்பிக்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: படபடப்பு வரும்போது ‘நல்லா ஆழமா மூச்சை இழுத்து விடு’ என்கிறார்கள். அப்படிச் செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. பயம் இன்னும் கூடுகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

உங்களுக்கு மட்டும் இல்லை. பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. கோளாறு சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. பெரிது பெரிதாக, அடுத்தடுத்து மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலைசுற்றல், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் வரும் குறுகுறுப்பு, நெஞ்சில் இறுக்கம் எல்லாம் இப்படி அதிகமாக மூச்சு விடுவதால் வருபவைதான். படபடப்பில் ஏற்கெனவே வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். அதையே இன்னும் பெரிதாக்கினால் உடம்பு மேலும் மிரளும்.

மூச்சு மெதுவாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலேயும் வையுங்கள். வாயை மூடி, மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை இழுங்கள். கீழே உள்ள கைதான் அசைய வேண்டும், மேல் கை ஏறக்குறைய சும்மா இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்து வைக்காமல் நான்கு எண்ணி வெளியே விடுங்கள். இது சிரமம் இல்லாமல் வந்த பிறகு, இழுப்பதை 4 விநாடியாகவும் விடுவதை 6 விநாடியாகவும் நீட்டலாம். ஒரு சுற்றுக்கு 10 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் செய்தால் போதும். மூச்சு வெளியேறும் நேரத்தில் மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். விடும் நேரம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்வது அதனால்தான்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் முதல் தடவையாக இதைச் செய்து பார்க்கிறார்கள், பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மனம் சாதாரணமாக இருக்கும் நேரத்தில் சில வாரம் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம். நெஞ்சுவலி முதல் தடவையாக வருகிறது என்றால் ‘இது டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தால்தான் மனம் அதிகமாக அலைகிறது. இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் எரிச்சல்தான் மிச்சம். எனக்குத் தியானம் ஒத்துவராதா?

அலைவது மனதின் இயல்பு. மற்ற நேரத்திலும் அது அலைந்துகொண்டுதான் இருக்கிறது, உட்கார்ந்தால் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அலைந்த மனதைத் திட்டாமல் திருப்பிக் கூட்டிவருவதுதான் பயிற்சியே. 5 நிமிடத்தில் முப்பது தடவை ஓடி, முப்பது தடவையும் திரும்ப அழைத்து வந்தால் முப்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

இருபது நிமிடம் ஆரம்பிப்பவருக்கு அதிகம். 3 நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்து 5, பிறகு 10 என்று போகலாம். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்கள் மூச்சை விட்டுவிட்டு, தரையில் பதிந்திருக்கும் பாதங்களைக் கவனிக்கலாம். குதிகாலில் அழுத்தம் எங்கே இருக்கிறது, தரை சூடா குளிரா, எந்த விரல் தரையைத் தொடவில்லை என்று பாருங்கள். நினைப்பு ஓடியது தெரிந்ததும் மனதுக்குள் ‘திட்டம்’, ‘கவலை’, ‘பழைய ஞாபகம்’ என்று ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். அந்த நினைப்போடு வாதம் செய்ய வேண்டாம்.

கொடுமையான அனுபவங்களைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் பழைய காட்சிகள் மேலெழும். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம், அல்லது மெதுவாக நடந்தபடி செய்யலாம். அப்போதும் காட்சிகள் வந்தால் தொடர வேண்டாம். மனநல ஆலோசகரின் துணையோடு செய்வதே சரி. ‘தாங்கிக்கொண்டு உட்கார், சரியாகிவிடும்’ என்று சொல்பவர்களின் பேச்சை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

கேள்வி: படுக்கையில் தலை சாய்த்தால் போதும், கவலைகள் வரிசைகட்டி வருகின்றன. நினைக்கக் கூடாது என்று எவ்வளவு அடக்கினாலும் முடியவில்லை.

அடக்குவதுதான் பிரச்சினை. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். ‘வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக அதை நினைத்தார்கள்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கிக்கொடுங்கள். இது 1980களில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்த முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 20 முதல் 30 நிமிடம். படுக்கையறை வேண்டாம். தூங்கப் போவதற்கு 2 மணி நேரமாவது முன்னதாக இருக்கட்டும். பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்து வைத்துவிட்டு, ‘மாலை 6 மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுங்கள். விரட்டுவதைவிடத் தள்ளிப்போடுவது மனதுக்கு எளிது.

6 மணிக்கு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் ஏதாவது செய்யக்கூடியவை, வலப்பக்கம் இப்போதைக்கு உங்கள் கையில் இல்லாதவை. ‘மேலாளரின் மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை’ என்பது இடப்பக்கம். அதன் எதிரே அடுத்த செயலை எழுதுங்கள்: ‘நாளை காலை 10 மணிக்கு, மூன்று வரியில் பதில்.’ எப்போது என்று நேரம் எழுதாவிட்டால் அந்த வரி இரவில் மறுபடி வந்து நிற்கும். ‘அம்மாவின் ஸ்கேனில் என்ன வருமோ’ என்பது வலப்பக்கம். அதற்கு எதிரே முடிவு தெரியும் தேதியை மட்டும் எழுதினால் போதும். அலாரம் அடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கவலைப்பட்டு முடிக்கவில்லையே என்று தோன்றினால் மிச்சம் நாளைக்கு.

இதையும் மீறி இரவில் விழித்துக்கொண்டால், 20 நிமிடம் போனதுபோல் தோன்றியதும் படுக்கையைவிட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியம் இல்லாத ஏதாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது’ என்ற கணக்கு ஆரம்பித்துவிட்டால் வந்த தூக்கமும் போய்விடும்.

கேள்வி: வேலை போய் நான்கு மாதமாகிறது. ‘பாசிட்டிவாக இரு, கிடைத்துவிட்டது மாதிரியே நினை’ என்கிறார்கள். நிலைமை கண்முன்னே மோசமாக இருக்கும்போது நம்பிக்கையாக இருப்பது என்னையே ஏமாற்றிக்கொள்வது இல்லையா?

அவர்கள் சொல்கிறபடி செய்தால், ஆமாம். கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்வது அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் முயற்சிக்கு வேண்டிய வேகத்தை அது குறைத்துவிடலாம். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இது உங்கள் விஷயத்திலேயே சோதிக்கப்பட்டது. படிப்பை முடித்து வேலை தேடியவர்களில், இனிமையான கற்பனைகளில் அதிகம் மூழ்கியவர்களுக்குக் குறைவான வேலை வாய்ப்புகளே வந்தன. ‘எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது’ என்று கணக்குப் போட்டு எதிர்பார்த்தவர்களின் நிலைமை மேலாக இருந்தது. கற்பனை வேறு, எதிர்பார்ப்பு வேறு. ‘பாசிட்டிவாக இரு’ என்ற அறிவுரை இரண்டையும் போட்டுக் குழப்புகிறது.

சி. ஆர். ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்: ஓர் இலக்கு, அதற்குப் போகும் வழிகள், அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணம். நம்பிக்கை இழந்தவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் இலக்கு இருக்கும். வழி ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் அடைபட்டிருக்கும். ஆகவே முதலில் வழிகளைப் பெருக்குங்கள்.

‘வேலை கிடைக்க வேண்டும்’ என்பது உங்கள் கையில் இல்லாத இலக்கு. ‘இந்த வாரம் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம்’ என்பது கையில் இருக்கும் இலக்கு. இப்போது குறைந்தது மூன்று வழி எழுதுங்கள்: நேரடி விண்ணப்பம், முன்னாள் சக ஊழியர்களிடம் கேட்பது, தற்காலிகப் பணி. அடுத்து, உங்களுக்குள்ளேயே இருக்கும் தடையை எழுதுங்கள். ‘சந்தை சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஒரு நிராகரிப்புக் கடிதம் வந்தால் இரண்டு நாள் கணினியைத் திறப்பதில்லை’ என்று எழுதுங்கள். அந்தத் தடைக்கு ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று ஒரு வரி: ‘நிராகரிப்பு வந்தால், அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, அன்றைக்கே இன்னொரு விண்ணப்பத்தின் முதல் பத்தியை எழுதுவேன்.’ சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை இந்த ஒரு வரி மிச்சப்படுத்திவிடுகிறது.

நிராகரிப்பை உங்களுக்குள் எப்படி விளக்கிக்கொள்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் சுட்டிக்காட்டிய மூன்று சறுக்கல்கள்: ‘எப்பவுமே இப்படித்தான்’, ‘எல்லாமே போச்சு’, ‘எல்லாம் என்னாலதான்.’ இவற்றில் ஒன்று வாயில் வந்தால் உண்மையின் அளவுக்கு அதைச் சுருக்குங்கள். ‘இந்த மாதம் மூன்று இடத்தில் வேண்டாம் என்றார்கள். இரண்டு இடத்தில் நேர்காணல்வரை போனேன்.’ இனிப்புத் தடவச் சொல்லவில்லை. நடந்தது எவ்வளவோ அவ்வளவு மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் நன்றி சொல்லி ஐந்து விஷயம் எழுதினேன். இரண்டே வாரத்தில் ‘குடும்பம், ஆரோக்கியம், வீடு’ என்று ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

தினமும் எழுதுவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு விஷயம், ஆனால் ஐந்தாறு வரி. ‘குடும்பம்’ என்று எழுதாமல், ‘செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள், அவசரமாக எதையும் கேட்கவில்லை, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்’ என்று எழுதுங்கள். அது நடக்காமல் போயிருந்தால் அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்றும் ஒரு வரி சேருங்கள். பழகிப்போனதை மனம் கவனிப்பதில்லை. இந்தக் கடைசி வரி அதை மறுபடி கவனிக்க வைக்கும். துக்கத்தில் இருக்கும் வாரத்தில் எழுத வராது. அந்த வாரம் விட்டுவிடலாம், கட்டாயம் இல்லை.

கேள்வி: கோபம் வந்தால் தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் அதிகக் கோபம் இருந்தது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, முதல் கேள்வியில் சொன்ன மூச்சைச் செய்யுங்கள். பேச வேண்டியதை உடம்பு தணிந்த பிறகு பேசுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் அல்லவா?

21 என்பது எங்கோ கிளம்பிப் பரவிய கணக்கு. பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் லண்டனில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகப் பொதுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே 22ஆம் நாள் இயல்பாக வரவில்லையே என்று மூட்டை கட்டாதீர்கள்.

கேள்வி: சில மாதங்களாக எதிலும் பிடிப்பே இல்லை. மூச்சுப் பயிற்சியும் எழுதுவதும் போதுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பாருங்கள். மனச்சோர்வு, அல்லது முன்பு பிடித்தவற்றில் ஆர்வமின்மை, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், 2 வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் மாறியிருந்தால் அது சுயபயிற்சியோடு நிறுத்திக்கொள்ளும் கட்டம் இல்லை. நீங்கள் ‘மாதங்கள்’ என்கிறீர்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்; மறுக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் முன்பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பலருக்குப் பேச்சு வராது, ‘கொஞ்சம் டயர்டா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், எடை கூடியதா குறைந்ததா, எந்த வேலைகளை விட்டுவிட்டீர்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. மனச்சோர்வுக்கான மாத்திரை கொடுத்தால் பலன் தெரியப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போது நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த டாக்டரே வழி சொல்வார். மூச்சுப் பயிற்சியை மாத்திரையோடு சேர்த்தே செய்யலாம்.