சபாநாயகர் ஆசனத்துக்குச் சேவைமூப்பு போதுமா?

கேள்வி: கந்தோரில் சேவைமூப்பின்படி பதவி உயர்வதைப் போலவே பாராளுமன்றத்திலும் மூத்தவரே சபாநாயகராகிறார் என்கிறேன். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் மகள் மறுக்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: ஐயா, கந்தோரில் உங்களை உயர்த்துவது மேலிடம், சபையில் ஒருவரை அந்த ஆசனத்தில் அமர்த்துபவர்கள் அவரோடு சரிசமமாக இருக்கும் உறுப்பினர்கள். ஆகவே மகளின் வாதத்துக்கே வலு அதிகம்.

தொடக்கத்தில் இலங்கைச் சபையிலும் மேலிடமே இருந்தது. 1833இல் உருவான சட்டநிரூபண சபைக்குத் தேசாதிபதியே (பிரித்தானிய ஆளுநரே) தலைமை தாங்கினார். சட்டத்தைக் கொண்டுவரும் அரசின் தலைவரே விவாதத்தையும் நடத்தினால் உறுப்பினர்கள் எவ்வளவு மனம்விட்டுப் பேசியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபை கூடியபோது, உறுப்பினர்கள் தெரிந்த சபாநாயகராக ஏ. எஃப். மொலமூரே அமர்ந்தார். கட்சிகள் இன்னும் வேரூன்றாத அச்சபையில் ஆளின் தகைமையும், எல்லாத் தரப்பினரோடும் அவருக்கிருந்த பழக்கமுமே எடைபோடப்பட்டன. 1936இல் அமைந்த அமைச்சர் குழுவில் தமிழர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. ஆனால் அதே ஆண்டு அதே சபை வேலணையில் பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமியைச் சபாநாயகராகத் தெரிந்தது, அவரும் 1947 வரை அப்பதவியில் இருந்தார். இதைப் பெருந்தன்மை என்பாரும் உண்டு, ஈடுசெய்தல் என்பாரும் உண்டு. இரண்டும் கலந்திருந்தன என்பது என் எண்ணம். (காலிமுகத்திடலில் இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடத்தில்தான் அச்சபை கூடியது. மகளை ஒருமுறை அந்தப் பக்கம் கூட்டிச் செல்லுங்கள்.)

சுதந்திரத்துக்குப் பின் கட்சிகள் வலுத்தன. பெரும்பான்மைக் கட்சி முன்மொழிபவரே பெரும்பாலும் சபாநாயகரானார். உங்கள் மூப்புக்கும் இங்கே சற்று இடமுண்டு: 1967இல் சேர்லி கொரெயாவும் 1978இல் பாக்கீர் மாக்காரும் பிரதி சபாநாயகராக இருந்து அந்த ஆசனத்துக்கு உயர்ந்தவர்கள். ஆயினும் அதை விதியென்று கொள்ள முடியாது. 2000இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அநுர பண்டாரநாயக்க போட்டியின்றித் தெரிவானார். 2004இல் ஆளுந்தரப்புக்குத் தனிப் பெரும்பான்மை இல்லாத நிலையில், இரகசிய வாக்கெடுப்பில் எதிரணியின் லொக்குபண்டார, அரசு நிறுத்திய டியூ குணசேகரவை 110க்கு 109 என ஒரே வாக்கால் வென்றார்.

பரீட்சை விடைத்தாளுக்கு 1936ஐயும் 2004ஐயும் மகளிடம் விட்டுவிடுங்கள். வீட்டு விவாதத்தில் முழுத் தோல்வியைத் தவிர்க்க, 1967ஐயும் 1978ஐயும் நீங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம்.