பழைய காருக்குப் புது டேங்க்: வாசகர் கேள்விகள்

போன இதழில் பெட்ரோல் டேங்க் துருப்பிடிப்பதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்துக்குப் போதும் என்று தோன்றியது, அதனால் இந்த முறை டேங்க் மட்டும்தான்.

கேள்வி: என்னுடையது 1960களில் வந்த கார். டேங்கின் அடியில் ஊசிமுனை அளவுக்கு நாலைந்து ஓட்டைகள். அதே மாடல் டேங்க் எங்கும் கிடைக்கவில்லை. ஓட்டையின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாமா?

வேண்டாம். முதல் காரணம் உயிர். பெட்ரோலை வடித்துவிட்டேன், டேங்க் காலி என்று நினைப்பதுதான் ஆபத்தே. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், ஏனென்றால் எரிவது பெட்ரோலின் ஆவி, காற்றில் அது ஏறத்தாழ 1.4-லிருந்து 7.6 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும், அந்த ஆவியோ மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடக் கிளம்பிக்கொண்டிருக்கும். சோப்புத்தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவியிருப்பீர்கள், ஆனால் தகட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல் வெல்டிங் சூட்டில்தான் வெளியே வரும்.

இரண்டாவது காரணம், அந்த ஓட்டைகள் உள்ளேயிருந்து வந்தவை. அந்தக் காலத்து டேங்குகள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் பூசிய இரும்புத் தகடு. பாதி டேங்கோடு காரை மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே ஈரம் சேர்ந்து அடியில் தங்கி அந்தப் பூச்சைத் தாண்டி அரித்துவிடும். நாலு ஓட்டை தெரிகிறது என்றால் அடித்தகடு முழுவதும் உளுத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஊற்றிப் பூசும் சீலரும் இந்த நிலைமைக்கு மருந்து இல்லை, துருவின் மேல் பிடிக்காமல் செதில் செதிலாக உரிந்து ஃபில்டரை அடைக்கும்.

புது டேங்கே செய்துவிடுங்கள், பழைய டேங்கை அளவு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் முழுசாக நம்ப வேண்டாம், இத்தனை வருடத்தில் எங்கெங்கோ நசுங்கியிருக்கும். கெட்டி அட்டையில் ஒரு மாதிரி செய்து காரின் அடியில் பொருத்திப் பார்ப்பதுதான் சரி. அச்சு மேலே எழும்பினால் இடிக்குமா, சைலன்சர் குழாய் எவ்வளவு கிட்டத்தில் போகிறது, பெட்ரோல் ஊற்றும் கழுத்து எந்தக் கோணத்தில் வருகிறது, எல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டலாம், தகட்டை வெட்டினால் வெட்டியதுதான்.

கேள்வி: அலுமினியத்தில் செய்தால் வெயிட் நிறையக் குறையும் என்கிறார் நண்பர். அலுமினியமா, எஸ்.எஸ்.ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), சாதா இரும்பா?

நண்பரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 80 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 18 உயரம் உள்ள டேங்க் 57 லிட்டர் சொச்சம் பிடிக்கும். இரும்பிலோ எஸ்.எஸ்.ஸிலோ 1.2 மில்லிமீட்டர் தகட்டில் இதைச் செய்தால் பத்து கிலோ சொச்சம். அலுமினியத்தில் அவ்வளவு மெல்லிசாகச் செய்ய முடியாது, 3 மில்லிமீட்டராவது வேண்டும், அப்போது ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் ஒன்றரை கிலோ! உள்ளே ஊற்றும் பெட்ரோலே 40 கிலோவுக்கு மேல் இருக்கும்போது இதற்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்பது என் கட்சி.

அலுமினியம் மோசம் என்று சொல்ல வரவில்லை. 5052 ரகத் தகடு நன்றாக மடியும் (6061-டி6 மடிக்கிற இடத்தில் விரிசல் விடும், பட்டறையில் கிடக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்), அரிப்பும் குறைவு. ஆனால் டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டையோடு நேரடியாக உரசிக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். இடையில் தண்ணீர் குடிக்காத ரப்பர் வைக்க வேண்டும், ஃபெல்ட் துணி வைத்தால் ஈரத்தை நீங்களே பிடித்து வைக்கிற மாதிரி.

ஆர்கான் வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஆள் கிடைத்தால் 304 எஸ்.எஸ்., இதுதான் என் முதல் தேர்வு. வெல்டிங் செய்யும்போது டேங்குக்கு உள்பக்கமும் ஆர்கான் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெல்டிங் தையலின் பின்புறம் கருகிச் சொரசொரப்பாகி, பின்னால் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் சாதா இரும்பே போதும், சுத்தமாக வைத்துக்கொண்டால் உங்கள் காலத்துக்கு வரும். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் வேண்டாம். வெல்டிங் புகையும் கெடுதல், எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்தப் பூச்சு கரைந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும்.

கேள்வி: உள்ளே தடுப்புத் தகடு அவசியமா? பழைய டேங்கில் இல்லையே.

அவசியம்தான். வளைவில் திரும்பும்போது 40 கிலோ திரவம் ஒரு பக்கமாக ஓடி மோதும், குறைவாக இருந்தால் உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்து என்ஜின் இருமும். பெரிய சமதளத் தகடு உள்ளே வெளியே என்று படபடத்து நாளடைவில் விரிசல் விடுவதையும் தடுப்புத் தகடு தடுக்கும். அதில் பெரிய துளைகள் போடுவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது மூலைகளை. கீழ் மூலைகளை வெட்டிவிடாவிட்டால் கடைசி இரண்டு மூன்று லிட்டர் ஓர் அறையிலேயே தங்கிவிடும். மேல் மூலைகளை வெட்டாவிட்டால் காற்று மாட்டிக்கொண்டு, பெட்ரோல் ஊற்றும்போது முகத்தில் பீய்ச்சும்.

கேள்வி: புது டேங்க் போட்ட பிறகு, காலியாக இருந்தால் கேஜ் ஃபுல் காட்டுகிறது, நிரப்பினால் முள் கீழே விழுகிறது. கேஜ் போய்விட்டதா?

கேஜ் நன்றாக இருக்கிறது, டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கேஜுக்குச் சொல்லும் மிதவைதான் வேறு ஜாதி. மட்டத்துக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். ஒரு ரகத்தில் காலிக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33 ஓம். ஐரோப்பிய ரகம் ஒன்றில் நேர்மாறாகக் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. இன்னொன்றில் 0-லிருந்து 90 வரை. முதல் ரக மிதவையை இரண்டாவது ரகக் கேஜுக்குக் கொடுத்தால் நீங்கள் சொன்னதேதான் நடக்கும். பழைய மிதவையைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் மல்டிமீட்டரில் இரண்டு முனையிலும் அளந்து, அதே அளவில் புதியது வாங்குங்கள். மற்றவர்களுக்கு: டேங்க் செய்யக் கொடுக்கும் முன்பே மிதவையை வாங்கிவிடுங்கள், அதன் துளை, ஆழம், கை நீளம் எல்லாம் டேங்கோடு பொருந்த வேண்டும். அப்புறம், ரப்பர் மேல் உட்கார்ந்து பெயின்டும் அடித்த டேங்குக்கு எர்த் கிடைக்காது, சேஸிஸுக்கு ஒரு ஒயர் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. பம்ப் மாற்றியும் பலனில்லை.

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் விஷயம் முடிந்தது. என் முதல் டேங்கிலும் இதே கூத்துதான், பழைய மூடியில் காற்று போக வழி இருந்தது, நான் அழகுக்காக வேறு மூடி வாங்கிப் போட்டுவிட்டு ஒரு மாதம் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். டேங்கின் மிக உயரமான இடத்திலிருந்து ஒரு காற்றுக்குழாய் எடுத்து, கார் கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு வழியாகக் காருக்கு வெளியே விடுங்கள். டிக்கிக்குள் விட்டால் பெட்ரோல் ஆவியோடு பயணம் செய்வீர்கள்.

கேள்வி: கம்ப்ரசரில் காற்று அடித்து லீக் பார்க்கலாமா?

கூடாது. மேலே சொன்ன அதே டேங்கின் மேல்தகட்டில் வெறும் 0.1 பார் அழுத்தம் என்றால் 320 கிலோ தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். கம்ப்ரசர் வால்வை ஒரு கணம் அதிகம் திறந்தால் டேங்க் பலூனாகிவிடும். கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸை 'யு' வடிவில் ஒரு கம்பில் கட்டித் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டேங்கில் மாட்டி, சைக்கிள் பம்பால் அடியுங்கள். இரண்டு பக்க நீர்மட்டமும் அரை மீட்டர் வித்தியாசம் காட்டினால் போதும், சோப்பு நுரையைத் தையல்களில் தடவிப் பாருங்கள். நிழலில் செய்யுங்கள், டேங்க் ஒரு டிகிரி சூடானாலே நீர்மட்டம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்து உங்களைக் குழப்பும்.

கேள்வி: கழுத்துவரை நிரப்பி வெயிலில் விட்டால் ஒழுகுகிறது. வெல்டிங் கோளாறா?

இல்லை, பெட்ரோல் விரிகிறது. 50 லிட்டர் 20 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடும். ஊற்றும் குழாயின் முனையை டேங்கின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே முடித்தால் மேலே காற்றுக்கு இடம் தானாகவே மிஞ்சும். செய்து முடித்த டேங்கில் அது முடியாது என்பதால், இனி ஐந்தாறு சதவீதம் குறைவாக ஊற்றுங்கள்.

கேள்வி: டேங்க் தயார், நாளை மாட்டப்போகிறேன். வேறு ஏதாவது?

உள்ளே இரும்புத்தூள் கட்டாயம் இருக்கும், இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள், பம்புக்கு முன்னால் புது ஃபில்டர் போட்டு ஒரு வாரத்தில் அதையும் மாற்றுங்கள். முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள், காலையில் தாளில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள்.